எழுத்து தெரியாத அம்மாவும் புத்தகம் வாசித்துக் காட்டலாம்



போசாக்கு, குடிதண்ணீர், மலசலகூடம், சேமிப்பு என்று இந்தப் பக்கங்களில் எழுதி வந்த நாங்கள், இந்த முறை சின்னப் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களைப் பற்றி எழுதுகிறோம். "இது என்ன புதுசா?" என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தில் எங்கள் பிழையும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மாத்தளைப் பகுதித் தோட்டம் ஒன்றின் பிள்ளைக்காம்பராவுக்குப் புதிய படக்கதைப் புத்தகங்கள் கொஞ்சம் வந்து சேர்ந்தன. நாங்கள் எண்ணினோம், இலக்கம் போட்டோம், முத்திரை குத்தினோம், கண்ணாடி அலுமாரியில் அழகாக அடுக்கிப் பூட்டினோம். சாவி எங்கள் மேசை லாச்சியில். "புள்ளைங்க கையில குடுத்தா கிழிச்சிப்புடும், அப்புறம் கணக்குப் பார்க்க வாறவங்களுக்கு யாரு பதில் சொல்லுறது?" என்பதுதான் எங்கள் யோசனை. இப்படியே நாலு மாதம் ஓடிப்போனது.

ஒரு நாள் பிள்ளைகளுக்கு நிறை பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு வயதுப் பெண் பிள்ளை ஒன்று அலுமாரிக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு தன் தம்பிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த ஒரு புத்தகத்தின் அட்டையில் குடை பிடித்த யானைப் படம். "ஆனைக்கித் தடிமன் வரக்கூடாதுன்னு அதோட அம்மா குடை குடுத்துச்சி" என்றது பிள்ளை. பக்கத்தில் நின்ற மருத்துவமாது எங்களைப் பார்த்து, "நெசமாவே அதுதான் கதையா ஐயா?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. நாங்களும் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்ததில்லை. பிள்ளைக்காவது அட்டையை வாசிக்கத் தோன்றியது, எங்களுக்கு அதுவும் தோன்றவில்லை. வெட்கமாகிப் போய்விட்டது. அன்றைக்கே பூட்டைத் திறந்துவிட்டோம்.

திறந்த பிறகுதான் இன்னொரு பூட்டு இருப்பது தெரிய வந்தது. அந்தப் பிள்ளையின் தாயிடம் புத்தகத்தைக் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னோம். அவர் வாங்கவில்லை. "எனக்கு எழுத்துக்கூட்டவே தெரியாதுங்க ஐயா. இத வீட்டுக்குக் கொண்டுபோயி என்னத்தப் பண்ணுறது?" என்றார்.

அந்தத் தாய்க்கும், அவரைப்போல் நினைக்கிற எல்லாருக்கும் சொல்லும் பதில்தான் இந்தக் கட்டுரை.

வாசிப்பு எங்கே தொடங்குகிறது?

பிள்ளை முதலாம் தரத்துக்குப் போய் "அ" எழுதும் நாளில் வாசிப்பு தொடங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. நீங்கள் கொழுந்தெடுக்கப் பழகியதை நினைத்துப் பாருங்கள். வேலைக்குப் பெயர் பதிந்த அன்றைக்கா பழகினீர்கள்? சின்ன வயதில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது மலையில் நின்று பார்த்தீர்கள். எது கொழுந்து, எது கரட்டு இலை என்று கண் பழகியது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுவதைக் கை விளையாட்டாகச் செய்து பார்த்தது. கூடையைத் தலையில் மாட்டிய நாளில் பாதி வேலை உங்களுக்குள் ஏற்கெனவே இருந்தது. வாசிப்பும் அப்படித்தான். எழுத்துக்கு முன்னால் காதும் கண்ணும் வாயும் பழக வேண்டும்.

முதலில் காது. சொல்லுக்குள்ளே சின்னச் சின்ன ஓசைகள் இருக்கின்றன என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இதற்குப் புத்தகம்கூடத் தேவையில்லை. "மாத்-த-ளை" என்று சொல்லி மூன்று தரம் கை தட்டுங்கள். "உக்-கு-வெ-ல" என்றால் நாலு தரம். "மலை, மடுவம், மிளகு, மாடு, எல்லாத்துலயும் மொதல்ல என்ன சத்தம் கேக்குது?" என்று கேளுங்கள். இந்த விளையாட்டில் பழகிய பிள்ளைக்குப் பாடசாலையில் "ம" என்ற எழுத்தைக் காட்டினால், அது ஏற்கெனவே தெரிந்த சத்தத்துக்கு ஓர் உருவம், அவ்வளவுதான். பழகாத பிள்ளைக்கோ அது வெறும் கோடு.

இரண்டாவது கண். புத்தகத்தை எந்தப் பக்கம் பிடிப்பது, எங்கிருந்து திறப்பது, வரி இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் போவது, படம் வேறு எழுத்து வேறு என்பது எல்லாம் நமக்குச் சாதாரணம். புத்தகத்தையே தொடாத பிள்ளைக்கு இவை புதுப் பாடம். இந்தப் பழக்கம் உள்ள பிள்ளை முதல் நாளே ஒரு படி முன்னால் நிற்கும்.

மூன்றாவது சொல். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்துக்கள். ஆங்கிலத்தில் 26 தான். கொம்பு, சுழி, விசிறி, புள்ளி என்று நம் பிள்ளை கண்ணால் பிடிக்க வேண்டியவை நிறைய. அதோடு இன்னொன்றும் உண்டு. "கடை" என்பதில் வரும் "க" வேறு சத்தம், "தங்கம்" என்பதில் வரும் "க" வேறு சத்தம், "பகல்" என்பதில் வருவது இன்னொரு சத்தம். எழுத்து மட்டும் ஒன்று. "பகல்" என்ற சொல் காதில் முன்பே விழுந்திருந்தால் பிள்ளை எழுத்துக்கூட்டும்போது சரியான சத்தத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். அந்தச் சொல்லைக் கேட்டே இராத பிள்ளை தடுமாறும். ஆகவே சொல் வளம் உள்ள பிள்ளைக்கு எழுத்தும் இலேசாக வரும்.

வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும்

நம்ம லயத்துப் பிள்ளைகளுக்கு முக்கியமாக ஒரு சிரமம் இருக்கிறது. வீட்டில் "தண்ணி" என்கிறோம், புத்தகத்தில் "தண்ணீர்". நாம் "வந்துருச்சி" என்கிறோம், புத்தகத்தில் "வந்துவிட்டது". நாம் "புள்ள", புத்தகம் "பிள்ளை". நம் பேச்சில் பிழை ஒன்றும் இல்லை, அது நம் பாட்டன் பூட்டன் கடல் தாண்டிக் கொண்டுவந்த பேச்சு. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை கடந்து, மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்கள் கையில் கொண்டுவந்த பொருள் கொஞ்சம், வாயில் கொண்டுவந்த பாட்டும் கதையும் அதிகம். அந்தப் பாட்டுக்களை மதித்துத்தான் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவற்றைத் தேடித் திரட்டி நூலாக்கினார்.

ஆனால் புத்தகத் தமிழ் காதுக்கே பழக்கமில்லாத பிள்ளை முதலாம் தரத்தில் ஒரே நேரத்தில் இரண்டு சுமை தூக்குகிறது. ஒன்று புது எழுத்து, இன்னொன்று புது மொழி. மூன்று, நாலு வயதிலிருந்தே கதைப் புத்தகத்தை யாராவது வாசிக்கக் கேட்ட பிள்ளைக்கு அந்த இரண்டாவது சுமை குறைந்துவிடும். "தண்ணின்னா தண்ணீர்" என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

புதிய புத்தகங்கள் எப்படி இருக்கின்றன?

நாம் படித்த காலத்தில் பிள்ளைகளுக்கான புத்தகம் என்றால் பெரும்பாலும் பாடப் புத்தகம்தான். அதற்கும் நம் மக்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்டில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது, ஆனால் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கியது 1970 களில்தான். இலவசப் பாடநூல் 1980 இல் வந்தது. பாடப் புத்தகம் கையில் கிடைத்ததே பெரிய காரியம் என்று இருந்த காலத்தில் கதைப் புத்தகத்தை யார் நினைப்பது?

படத்தோடு பிள்ளைக்குப் படிப்பிக்கலாம் என்ற யோசனை பழையது. செக் நாட்டு ஆசிரியர் கொமேனியஸ் 1658 இலேயே பிள்ளைகளுக்கென்று படப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். நம் நாட்டில் சிபில் வெத்தசிங்க அம்மையார் (1927–2020) இந்தத் துறையில் பெரிய பெயர். காலிப் பக்கம் கிந்தோட்டையில் பிறந்தவர், கதையையும் தானே எழுதிப் படத்தையும் தானே வரைந்தவர். 1956 இல் வந்த அவருடைய "குட ஹோரா", அதாவது குடைத் திருடன், பல மொழிகளுக்குப் போனது. 1986 இல் ஜப்பானில் சிறந்த வெளிநாட்டுப் படக்கதை நூலாகத் தெரிவு செய்யப்பட்டது.

இப்போது வரும் சிறுவர் நூல்களில் ஒரு புது ஏற்பாடு இருக்கிறது. வயதைப் பார்த்துப் போடாமல், வாசிப்புத் திறனைப் பார்த்துப் படிப்படியாகப் போடுகிறார்கள். முதல் படியில் பக்கத்துக்கு ஒரு சொல் அல்லது ஒரு சின்ன வரி. அதே வரி திரும்பத் திரும்ப வரும், ஒரு சொல் மட்டும் மாறும். மூன்றாவது பக்கத்திலேயே பிள்ளை அடுத்த வரியைத் தானே சொல்லிவிடும். படம் அந்த வரிக்குத் துணை நிற்கும். அடுத்த படியில் வரி கூடும், அதற்கடுத்த படியில் கதை நீளும். 2000 இல் தொடங்கி, 2005 முதல் இலங்கையில் வேலை செய்துவரும் "ரூம் டு ரீட்" என்ற அமைப்பு இப்படிப்பட்ட நூல்களைச் சிங்களத்திலும் தமிழிலும், உள்நாட்டு எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் கொண்டே வெளியிட்டிருக்கிறது. எந்தப் புத்தகம் எந்தப் படி என்று தெரிய நிற அடையாளம் போடுகிறார்கள். இந்தியாவில் 2004 இல் தொடங்கிய "பிரதம் புக்ஸ்" தன் நூல்களை 1 முதல் 4 வரை நாலு படியாகப் பிரிக்கிறது. சென்னையில் 1996 இல் தொடங்கிய "தூலிகா" தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் நூல்களையும் போடுகிறது.

இந்த நூல்கள் பிள்ளைக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டே இருப்பதில்லை. எறும்பு எங்கே போகிறது, நிலா ஏன் கூடவே வருகிறது, மழைத் தண்ணி எங்கே போய்ச் சேருகிறது என்று பிள்ளையைக் கேட்க வைக்கின்றன. அந்தக் கேள்விதான் படிப்புக்கு விதை. கேள்வி கேட்கிற பிள்ளை விடை தேடும், விடை தேடுகிற பிள்ளை வாசிக்கும்.

எழுத்து தெரியாதவர்கள் வாசித்துக் காட்டுவது எப்படி?

1988 இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டில் புத்தகம் வாசித்துக் காட்டும் பெற்றோரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் வழக்கம்போல வாசித்தார்கள். மற்றப் பிரிவினர் படத்தைக் காட்டிப் பிள்ளையைக் கேள்வி கேட்டு, பிள்ளை சொன்னதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லி, பிள்ளையையே பேச வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டாவது பிரிவுப் பிள்ளைகள் பேச்சுத் திறனில் முந்திவிட்டார்கள்.

இதில் நமக்கு என்ன செய்தி? பிள்ளைக்குப் பலன் கொடுத்தது புத்தகத்தை முன்னே வைத்து நடந்த பேச்சு. அந்தப் பேச்சுக்கு எழுத்து தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆகவே இப்படிச் செய்யுங்கள்.

1. பிள்ளையை மடியில் அல்லது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தைப் பிள்ளையே புரட்டட்டும்.

2. படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். பிறகு "என்ன செய்யுது? ஏன் ஓடுது?" என்று கேளுங்கள். "ஆமா, இல்ல" என்று மட்டும் பதில் வரும் கேள்வியைக் குறையுங்கள்.

3. பிள்ளை "நாய்" என்றால், "ஆமா, கறுப்பு நாய்" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். பிள்ளை "கறுப்பு நாய்" என்றால், "கறுப்பு நாய் மழையில ஓடுது" என்று இன்னும் நீட்டுங்கள். பிள்ளையின் பேச்சு இப்படித்தான் வளரும்.

4. பக்கத்தைப் புரட்டும் முன் கொஞ்சம் நிறுத்தி, "இனி என்ன நடக்கும்னு நெனைக்கிற?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்வது பிழையானாலும் பரவாயில்லை.

5. கதையை நம் வாழ்க்கையோடு சேருங்கள். குடைத் திருடன் கதையையே எடுங்கள். குடையையே பார்த்திராத கிராமத்து ஆள் ஒருவர் டவுனில் ஒரு குடை வாங்கி வருகிறார், அது களவு போகிறது, திரும்ப வாங்குகிறார், அதுவும் போகிறது. திருடன் யார்? அதை இங்கே சொல்லமாட்டோம், பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். அந்த இடத்தில், "அம்மா மழையில கொழுந்தெடுக்கப் போகும்போது என்ன போட்டுக்கிட்டுப் போறேன்? குடை பிடிச்சா ரெண்டு கையாலயும் கொழுந்து கிள்ள முடியுமா?" என்று கேளுங்கள். கொங்காணியையும் இடுப்புப் படங்கையும் பற்றி உங்களை விட நன்றாக எந்தப் புத்தகம் சொல்லும்?

6. ஒரே புத்தகத்தைப் பிள்ளை பத்துத் தரம் கேட்டால் சலிக்காதீர்கள். திரும்பக் கேட்கும்போதுதான் சொற்கள் மனதில் தங்கும்.

7. பரீட்சை வைக்காதீர்கள். "இந்த எழுத்து என்ன? தெரியாதா? மக்கு" என்று சொன்ன நிமிடத்தில் பிள்ளைக்குப் புத்தகம் வேப்பங்காயாகிவிடும்.

எழுத்தில் உள்ள வரியை யார் வாசிப்பது? அண்ணனோ அக்காவோ நாலாம், ஐந்தாம் தரத்தில் படித்தால் அவர்கள் வாசிக்கட்டும். பெரிய பிள்ளைக்கும் அது நல்ல பயிற்சி. 2020, 2021 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது ஆரம்ப வகுப்பில் இருந்த பிள்ளைகளில் சிலர் இன்றும் எழுத்துக்கூட்டத் தயங்குகிறார்கள். பெரிய வகுப்பில் சின்னப் புத்தகம் வாசிக்க அவர்களுக்கு வெட்கம். தம்பிக்கு வாசித்துக் காட்டு என்றால் வெட்கம் போய்விடும். ஒரே புத்தகத்தில் இரண்டு பிள்ளைகள் படிப்பார்கள்.

அப்பாமார்களுக்கும் ஒரு வார்த்தை. இது பெண்களின் வேலை என்று ஒதுங்க வேண்டாம். அம்மா மலையால் வந்து அடுப்பைப் பற்ற வைக்கும் நேரத்தில் பிள்ளையோடு பத்து நிமிடம் உட்காருவது அப்பாவால் முடியாத காரியமா? பாட்டி தாத்தா இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் படத்தைப் பார்த்துச் சொல்லும் கதை புத்தகத்தில் இருக்கும் கதையை விடப் பெரிதாகவே இருக்கும்.

நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சுக்கள்

"கதைப் புத்தகம் படிச்சா ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணுமா?" ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் பிள்ளை முதலில் செய்ய வேண்டியது வினாவை வாசித்து விளங்கிக்கொள்வது. கணக்குத் தெரிந்தும் வினா விளங்காமல் புள்ளி இழக்கும் பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். விளங்கி வாசிக்கும் பழக்கம் நாலு மாத டியூசனில் வருவதில்லை. அது நாலு வயதிலிருந்து வருவது.

"கிழிச்சிப்புடும்." உண்மை, சில புத்தகம் கிழியும். கையைக் கழுவி, காய்ந்த கையால் தொடப் பழக்குங்கள். அடுப்புக்கும் பீலிக்கும் தள்ளி, உயரத்தில் ஒரு பையில் வையுங்கள். அதற்கு மேலும் கிழிந்தால் ஒட்டலாம்.

"போன்ல கார்ட்டூன் பாத்தா போதாதா?" கார்ட்டூன் தானாக ஓடும், பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். புத்தகம் பிள்ளை பேசும்வரை காத்திருக்கும். அதுதான் வித்தியாசம். ஆனால் போனைப் புத்தகமாகவும் ஆக்கலாம். அதைக் கீழே சொல்லுகிறோம்.

"எங்களுக்கு நேரம் எங்க ஐயா?" காலைப் பிரட்டு முதல் அந்திக் கொழுந்து நிறுக்கும் வரை நீங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது பத்து நிமிடம். பிள்ளை தூங்கப் போகும் முன் உள்ள பத்து நிமிடம். தினமும் முடியாவிட்டால் கிழமைக்கு மூன்று நாள்.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

2022 நெருக்கடியில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போனதை மறந்திருக்கமாட்டீர்கள். அதன் பிறகு புத்தக விலையும் கொப்பி விலையும் ஏறியது ஏறியதுதான். நல்ல படக்கதைப் புத்தகம் ஒன்றைக் கடையில் வாங்குவது தோட்டக் குடும்பத்துக்குப் பாரம். எனவே வாங்காமல் கிடைக்கும் வழிகளைச் சொல்லுகிறோம்.

உங்கள் பிள்ளைக்காம்பராவில், முன்பள்ளியில், பாடசாலை நூலகத்தில் கேளுங்கள். அலுமாரி பூட்டியிருந்தால், எங்களைப்போல் யாரோ பயந்து பூட்டியிருப்பார்கள். "ஐயா, டீச்சர், அந்தப் புத்தகத்தப் புள்ளைக்கிக் குடுங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மாத்தளை டவுனுக்குப் போகும் நாளில் பொது நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராகச் சேர்ப்பது பற்றி விசாரியுங்கள். மாசி மகத் தேருக்கு முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகிறோம், பெருநாள் சாமான் வாங்கப் போகிறோம், அப்படியே நூலகத்தையும் ஒரு தரம் பிள்ளைக்குக் காட்டிவிட்டு வாருங்கள். ஒக்டோபர் மாதம் நாடு முழுவதும் வாசிப்பு மாதம். அந்த மாதத்தில் பாடசாலையில் நடக்கும் நிகழ்ச்சிகளைத் தவறவிடாதீர்கள்.

போன் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய "ஸ்டோரிவீவர்" என்ற இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் ஏராளமாக இருக்கின்றன, காசு இல்லை. டேட்டா இருக்கும்போது நாலைந்து கதையை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு சிக்னல் இல்லாத லயத்திலும் பார்க்கலாம். படி 1 என்று போட்டதில் தொடங்குங்கள். இந்தியாவில் செய்தவை என்பதால் சில சொல் நமக்குப் புதிதாக இருக்கும். அவர்கள் "ஆட்டோ" என்றால் நமக்குத் "திரிவீல்". அதையும் பிள்ளைக்கு விளக்கலாம். ஆனால் போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் அது புத்தகம்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். பழைய கலண்டர் தாள்களை மடித்து நடுவில் நூலால் தையுங்கள். சவர்க்கார உறை, பிஸ்கட் பக்கெட், தேயிலைப் பக்கெட் ஆகியவற்றில் உள்ள படங்களையும் பெயர்களையும் வெட்டி ஒட்டுங்கள். பிள்ளை படம் கீறட்டும். பிள்ளை சொல்லும் கதையை அக்காவோ டீச்சரோ கீழே எழுதட்டும். தன் வாயில் வந்த சொல் எழுத்தாகி நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்து என்றால் என்ன என்பது அன்றைக்கே விளங்கிவிடும்.

கதையைப் பிள்ளையே முடிக்கட்டும்

வெத்தசிங்க அம்மையார் தம் கடைசிக் காலத்தில் ஒரு காரியம் செய்தார். ஒரு கதையை எழுதி, அதன் முடிவை நாட்டுப் பிள்ளைகளிடம் கேட்டார். பிள்ளைகள் அனுப்பியவற்றில் 1,250 முடிவுகளோடு வந்த அந்த நூல், அதிக முடிவுகள் கொண்ட நூல் என்று 2020 இல் கின்னஸ் சாதனையாகப் பதிவானது. தொண்ணூறு வயது தாண்டிய ஒரு பெரியவர், "முடிவை நீயே சொல்லு பிள்ளை" என்று கேட்டிருக்கிறார். நாமும் வீட்டில் கேட்கலாம் அல்லவா?

நம்ம பக்கத்திலும் எழுத்தாளர்களுக்குக் குறைவில்லை. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு என்று ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் யாரோ ஒரு பாட்டி முதல் கதையைச் சொல்லியிருப்பாள்.

வெளிநாட்டிலும் சுகாதாரத்தையும் புத்தகத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அமெரிக்காவின் பொஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் 1989 முதல், பிள்ளையைப் பரிசோதிக்க வரும் தாய்மாரிடம் டாக்டர்களே ஒரு புத்தகத்தைக் கொடுத்து, எப்படி வாசித்துக் காட்டுவது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பழக்கம் அங்கே பல இடங்களுக்கும் பரவியது. அதைப் பார்த்து நாங்களும் ஒரு முடிவு எடுத்தோம். நிறை பார்க்கும் நாளிலேயே புத்தகமும் கொடுக்கிறோம். பிள்ளையின் நிறையைக் கார்டில் குறிக்கிறோம், புத்தகத்தின் இலக்கத்தைக் கொப்பியில் குறிக்கிறோம். அடுத்த முறை வரும்போது திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று எடுத்துப் போகலாம். கிழிந்தால் அபராதம் இல்லை.

அந்த முதல் தாய் கடைசியில் புத்தகத்தை வாங்கிப் போனார். அடுத்த முறை கொண்டுவந்தபோது ஒரு பக்கம் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. அவர் பயந்துகொண்டே நீட்டினார். "தம்பிதாங்க ஐயா இழுத்துட்டான். இதையே திரும்பத் திரும்பக் கேட்டான், நானும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதையாச் சொன்னேன்" என்றார். அந்தப் புத்தகத்தில் யானைக்குக் குடை கொடுத்தது யார் என்று நாங்களும் இப்போது வாசித்துத் தெரிந்துகொண்டுவிட்டோம். அம்மா இல்லை. ஆனால் பிள்ளை சொன்ன கதையும் நல்ல கதைதான்.

பெற்றோர்களே, இனிமேல் வருடக் கடைசியில் புத்தகக் கணக்குப் பார்க்கும்போது, கிழிந்து ஒட்டிய புத்தகத்துக்கு நாங்கள் பதில் சொல்லத் தயார். மடிப்புக் கலையாமல் புதிதாகவே இருக்கும் புத்தகத்துக்குத்தான் பதில் சொல்லச் சங்கடப்படுவோம். அப்படி ஒன்றுகூட மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையிலும் எங்கள் கையிலும் இருக்கிறது. அடுத்த நிறை பார்க்கும் நாளில் பிள்ளையோடு ஒரு துணிப் பையும் கொண்டுவாருங்கள்.